என் கணினியிலேயே சின்னதாக ஒரு வெப் சர்வர் அமைப்பது எப்படி?

எச்டிஎம்எல் பழகுகிறேன், விண்டோஸ் லேப்டாப், பக்கங்களைச் சோதித்துப் பார்க்க எதை நிறுவுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பைதான் என்ற புரோகிராமிங் மொழி இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

நான் இதைச் சுற்றி வளைத்துத்தான் கற்றுக்கொண்டேன். 1330 குறள்களையும் ஒரு ஜேசன் கோப்பில் (தரவுகளை வைக்கும் ஒருவகை டெக்ஸ்ட் கோப்பு) போட்டு, பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குறள் வருகிற மாதிரி செய்திருந்தேன். கோப்பை டபுள் கிளிக் செய்தால் பக்கம் வரும், குறள் வராது. அப்படித் திறக்கும் பக்கத்தின் முகவரி 'ஃபைல்' என்று ஆரம்பிக்கும். அந்த நிலையில் ஜாவாஸ்கிரிப்ட், அதே ஃபோல்டரில் கிடக்கிற இன்னொரு கோப்பைக்கூட எடுக்க குரோம் விடாது. பாதுகாப்புக் காரணம். சரி என்று, அப்பாச்சி என்ற வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த ஸாம்ப் தொகுப்பை நிறுவினேன். அப்பாச்சிக்கு நேரே ஸ்டார்ட்டை அழுத்தினால் ஒரு நொடி ஓடி நின்றுவிடும். 80ஆம் போர்ட்டை (புரோகிராம்கள் நெட்வொர்க்கில் பேச எடுத்துக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்) ஏற்கெனவே வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்து, அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் 80ஐ 8080 ஆக்குவதற்குள் ஒரு ராத்திரி போய்விட்டது. நான்கு கோப்புகளைப் பார்க்க இவ்வளவு கூத்து தேவையே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பைதானை நிறுவும்போது முதல் திரையில், 'பாத்'தில் (கட்டளையைத் தட்டினால் விண்டோஸ் தேடிப் பார்க்கும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் பெட்டியில் டிக் போடுங்கள். பிறகு உங்கள் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று தட்டி என்டர் அழுத்தினால் அந்த இடத்திலேயே கறுப்புத் திரை திறக்கும். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஒரே வரி: பைதான், இடைவெளி, ஹைஃபன் எம், இடைவெளி, எச்டிடிபி புள்ளி சர்வர். என்டர். அவ்வளவுதான், சர்வர் ஓடுகிறது.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று தட்டுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்றால் 127.0.0.1, அதாவது உங்கள் கணினியேதான். 8000 என்பது இந்தச் சர்வர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் போர்ட். அதுவும் காலியாக இல்லையென்றால் கட்டளையின் கடைசியில் 9000 மாதிரி வேறொரு எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது கறுப்புத் திரையைப் பாருங்கள். பிரவுசர் கேட்ட ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வந்து விழும். 200 என்றால் கொடுத்தாயிற்று, 404 என்றால் கோப்பு இல்லை. ஃபேவ்ஐகான் என்று நீங்கள் எழுதாத ஒன்றுக்கு 404 வந்தால் பயப்பட வேண்டாம். டேபில் போடச் சின்னப் படம் இருக்கிறதா என்று பிரவுசர் தானாகக் கேட்டுப் பார்க்கிறது. சர்வர் என்பது கேட்டதை எடுத்துக் கொடுக்கும் ஒரு புரோகிராம், அவ்வளவுதான் என்று எனக்கு உறைத்தது இந்த வரிகளைப் பார்த்தபோதுதான்.

பக்கத்துக்குப் பதிலாகக் கோப்புப் பட்டியல் வருகிறதா? இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்லைத் தேடி, அது இல்லாவிட்டால்தான் பட்டியலைக் காட்டும். பட்டியலைக் கூர்ந்து பாருங்கள், பெரும்பாலும் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். நோட்பேட் சேர்த்தது, விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது. தமிழ் எழுத்துகள் கந்தல் கோலமாகத் தெரிந்தால், பக்கத்தின் ஹெட் பகுதியில் மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 என்று எழுத மறந்திருப்பீர்கள்.

போனில் பார்க்க, கறுப்புத் திரை இன்னொன்றைத் திறந்து ஐபிகான்ஃபிக் கொடுங்கள். 192.168 என்று ஆரம்பிக்கிற மாதிரி ஒரு எண் வரும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்து, ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுத்திருந்தால், போன் பிரவுசரில் அந்த எண், முக்காற்புள்ளி, 8000 என்று தட்டினால் போதும். ஆனால் போனுக்குத் தெரிவது அதே வைஃபையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆதார் நகல் கிடக்கிற டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நின்றுகொண்டு இந்தக் கட்டளையைத் தட்டாதீர்கள். வேலை முடிந்ததும் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திவிடுங்கள்.

சர்வரிலேயே ஓட வேண்டிய மொழியான பிஎச்பிக்கு மட்டும் இது உதவாது. கோப்பை இயக்காமல் அப்படியே டவுன்லோட் செய்யக் கொடுத்துவிடும். பிஎச்பியும் டேட்டாபேஸும் பழக ஆரம்பிக்கும்போது ஸாம்ப் பக்கம் போங்கள், 80ஆம் போர்ட் சண்டைக்குத் தயாராக.