“இன்னைக்கு மட்டும்தான் மேடம் இந்த ஆஃபர்!”

கேள்வி: எனக்கு வயது 36. வாழ்க்கையில் முதல்முறையாக ஜிம்மில் சேர நினைத்து, கட்டணம் விசாரிக்கப் போனேன். ஒரு மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார்கள். “உங்க உடம்போட வயசு 49 மேடம்” என்றார்கள். பயந்துபோய், ஒரு மாதத்துக்குச் சேரப் போனவள் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன். இப்போது அங்குள்ள டிரெய்னர் ஒருவர் தினமும் பக்கத்தில் வந்து நிற்கிறார். பர்சனல் டிரெய்னிங் எடுக்காவிட்டால் முதுகு போய்விடும் என்கிறார், புரோட்டீன் பவுடரும், கொழுப்பைக் கரைக்குமாம் என்று ஃபேட் பர்னரும் வாங்கச் சொல்கிறார். எனக்கு மறுத்துப் பேச வராது. பர்சனல் டிரெய்னிங்குக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். இப்போது அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகிறேன். என்ன செய்வது? முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு, முதலில் அந்த மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. அது உங்கள் பாதம் வழியாகவும் கை வழியாகவும் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பில் எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது. அதை வைத்து நீரளவைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று ஒரு சூத்திரத்தின்படி சொல்கிறது. எல்லாமே மதிப்பீடுதான். தண்ணீர் குடித்திருந்தாலும், சாப்பிட்டிருந்தாலும், வேகமாக நடந்து வந்திருந்தாலும் எண் மாறும். ‘உடம்பின் வயது’ என்பது மெஷின் தயாரித்தவர்கள் வகுத்த கணக்கு. எந்த மருத்துவரும் அதை வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போக்கு ஓரளவு தெரியும். அவ்வளவுதான் அதன் பயன். அந்த 49-ஐ மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விற்பவர் பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், பயம் பாதி குறையும். பல ஜிம்களில் வரவேற்பில் இருப்பவருக்கு மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று டார்கெட் உண்டு. டிரெய்னருக்கு அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கும், பர்சனல் டிரெய்னிங் கமிஷனில்தான் வண்டி ஓடும். அவர் உங்களிடம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அந்தக் கமிஷன். உங்கள் உடம்பில் ஏதோ பெரிய குறை இருக்கிறது என்று நினைத்து நீங்கள் கூனிக் குறுக வேண்டியதில்லை.

‘இன்னைக்கு மட்டும்’ ஆஃபர் பெரும்பாலும் அடுத்த வாரமும் வேறு பெயரில் இருக்கும். நீண்ட காலத்துக்குப் பணம் கட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க ஜிம்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருந்தார்கள். போகும் அன்றைக்கு மட்டும் பணம் கொடுக்கும் பாஸ் வாங்கியிருந்தால் அவர்களுக்குச் செலவு குறைந்திருக்கும். சேரும் நாளில் இருக்கும் உற்சாகத்தை வைத்து வருடம் முழுவதையும் கணக்குப் போடுவது எல்லோரும் செய்வதுதான். நீங்கள் ஏமாந்துவிட்டதாக வருந்தாதீர்கள். அடுத்த முறை எந்தப் பேக்கேஜாக இருந்தாலும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஜிம் வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பணம் கட்டுவதில்லை. காகிதத்தை வாங்கி வாருங்கள், வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது மறுத்துப் பேசுவது. ‘மறுக்க வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறுத்துத்தான் இருப்பீர்கள், கூடவே ஒரு காரணமும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். “இப்போ பணம் இல்லை” என்றால் “தவணையில கட்டலாமே” என்பார். “நேரம் இல்லை” என்றால் “அரை மணி நேரம் போதும் மேடம்.” “வீட்டில் கேட்கணும்” என்றால் “இப்பவே போன் போட்டுக் கேளுங்க, நான் வெயிட் பண்றேன்.” ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கிறது, அதற்கென்று பயிற்சி எடுத்தவர் அவர். காரணமே சொல்லாத மறுப்புக்குத்தான் அவரிடம் பதில் கிடையாது.

“பர்சனல் டிரெய்னிங் பத்தி யோசிச்சீங்களா மேடம்?”
“எனக்கு வேண்டாம் சார், நன்றி.”
“ஏன் மேடம்? தனியா பண்ணா தப்பாயிடுமே?”
“எனக்கு வேண்டாம் சார். தேவைப்பட்டா நானே வந்து கேக்குறேன்.”
“ஒரு மாசம் மட்டும் பாருங்களேன்…”
“வேண்டாம் சார். தேவைப்பட்டா நானே வந்து கேக்குறேன்.”

அதே சொற்கள், அதே குரல். குரலை உயர்த்தவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். சொல்லிவிட்டு டம்பெல்லை எடுங்கள், அல்லது டிரெட்மில்லில் ஏறுங்கள். அவர் முகம் சற்றுச் சுருங்கலாம். அந்தச் சங்கடத்தைப் போக்குவது உங்கள் வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நம்மில் பலர் பணத்தை இழப்பது அந்த ஒரு நொடியில்தான். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல்: ‘விற்பனை தொடர்பாக என்னிடம் யாரும் பேச வேண்டாம்.’ எழுத்தில் வந்த புகாரை நிர்வாகம் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

முக்கியமாக, அவருக்குப் பயந்து நேரத்தை மாற்றாதீர்கள். பணம் கட்டியவர் நீங்கள். ‘இந்த மெஷின்ல சீட்டை எந்த உயரத்துல வைக்கணும்?’ என்று தளத்தில் இருக்கும் எந்த டிரெய்னரிடமும் கேட்கலாம். இந்த அளவு வழிகாட்டல் பெரும்பாலான ஜிம்களில் மெம்பர்ஷிப்பிலேயே அடக்கம்.

‘முதுகு போய்விடும்’ என்பதைப் பார்ப்போம். புதிதாக வருபவருக்குக் காயம் பெரும்பாலும் எடையை அவசரமாக ஏற்றுவதால் வருகிறது. குறைந்த எடையில், உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது என்று அடிப்படை அசைவுகளைப் பழகி, மெதுவாகக் கூட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே முதுகுவலியோ வேறு நோயோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு செய்ய வேண்டும் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ‘உங்களுக்கு நான் தேவை’ என்று காட்டுவதற்காகவே முதல் இலவச செஷனில் நடக்க முடியாத அளவுக்குப் பிழிந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழகாத உடற்பயிற்சிக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாள் தசைவலி இருப்பது இயல்பு. ஆனால் தசை வீங்கி, கையைக் காலை அசைக்க முடியாமல், சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராப்டோமயோலிசிஸ் என்ற தசைச் சிதைவாக இருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். “போதும்” என்று நீங்கள் சொன்ன இடத்தில் எந்த டிரெய்னரும் நிறுத்தியாக வேண்டும்.

பவுடர் விஷயம் சுருக்கமாக. எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். சாப்பாட்டிலேயே அது கிடைத்தால் பவுடர் தேவையில்லை, குறைந்தால் அந்தக் குறைக்கு மட்டும். ஃபேட் பர்னரை மட்டும் தொடவே தொடாதீர்கள். பலவற்றில் இருப்பது அதிக அளவு காஃபீன், சிலவற்றில் சேர்க்கும் செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன.

கடைசியாக முன்பணம். கேட்கலாம், தாராளமாகக் கேளுங்கள், இன்றே கேளுங்கள். ரசீதையும் கையெழுத்துப் போட்ட படிவத்தையும் எடுத்து, ரத்து செய்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜிம் ஒப்பந்தத்தைச் சில நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையைச் சட்டமே தரும் இடங்களும் உண்டு, உங்கள் ஊரில் எப்படி என்று நுகர்வோர் அமைப்பிடம் விசாரியுங்கள். ஒரு செஷன்கூடப் பயன்படுத்தவில்லை என்று தேதியோடு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தர மறுத்தால் அந்தத் தொகைக்கு உரிய செஷன்களை வேறொரு டிரெய்னரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய காயம், சாப்பிடும் மாத்திரை, தூக்கம் இவற்றை முதலில் விசாரிப்பவராக, நீங்கள் எடை தூக்கும்போது போனைப் பார்க்காதவராக இருக்கட்டும். அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “எனக்கு ஆறு பயிற்சியைச் சரியா கத்துக்கொடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுங்க. அப்புறம் நானே பண்ணிக்கிறேன்.”