வரைபடத்தில் 'ஜோன் எக்ஸ்', வீட்டுக்குப் பின்னால் ஓடை: வெள்ளக் காப்பீடு வேண்டுமா?

கேள்வி: ஆஸ்டினில் ஐ.டி. வேலை. வார இறுதியில் போய்த் தங்குவதற்காக டெக்சஸின் பிளாங்கோ கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) 4 ஏக்கர் நிலமும் அதில் ஒரு பழைய வீடும் பார்த்திருக்கிறோம். பின்பக்கம் சின்ன ஓடை ஒன்று உண்டு. நாங்கள் போன மூன்று முறையும் காய்ந்துதான் கிடந்தது. "இது ஜோன் எக்ஸ், வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை" என்று ரியல்டரும் (வீட்டுத் தரகர்) வங்கியும் சொல்கிறார்கள். வீட்டுக் காப்பீடு எப்படியும் எடுப்போம். வெள்ளத்துக்கென்று தனியாக ஒன்று தேவையா, வீண் செலவா?

பதில்: எடுங்கள். அதற்கு முன் ஒருநாள் அந்த ஓடையோரம் நடந்து பாருங்கள்.

வங்கி சொன்னதில் தவறில்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமாவின் வரைபடத்தில் அதிக ஆபத்துப் பகுதி என்று குறித்த இடங்களில் கடன் கொடுத்தால்தான் வங்கி வெள்ளக் காப்பீட்டைக் கேட்டாக வேண்டும். உங்கள் மனை அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது, அதனால் கேட்கவில்லை. அவர்களுக்குக் கடன் பத்திரம் சரியாக இருந்தால் போதும். கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்தால் துடைக்கப் போவது நீங்கள்தானே?

வீட்டுக் காப்பீடு இதில் உதவாது. குழாய் வெடித்து வீடு நனைந்தால் பணம் தருவார்கள். ஓடை பெருகி வாசல் வழியே உள்ளே வந்தால் சாதாரணப் பாலிசியில் ஒரு டாலர்கூட வராது. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறைய.

சரி, ஜோன் எக்ஸ் என்றால் என்ன? ஓர் ஆண்டில் வெள்ளம் வர 1% வாய்ப்புள்ள இடங்களை ஃபெமா ஏ, ஏஇ என்றெல்லாம் குறிக்கிறது. பேச்சுவழக்கில் இதை '100 ஆண்டு வெள்ளம்' என்பார்கள். தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைக்க வைக்கும் மோசமான பெயர். ஆண்டுக்கு 1% என்றால், 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26% வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. எக்ஸ் என்பது அதைவிடக் குறைவு என்று கணித்த பகுதி. கிராமப்புறக் கவுண்டிகளில் இதற்குள் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒரு சதுர மைலுக்கும் குறைவான நிலத்தின் மழைநீரை வாங்கும் சின்ன ஓடைகளை ஃபெமா பெரும்பாலும் ஆய்வு செய்வதே இல்லை. ஆக, உங்கள் ஓடை ஆபத்தில்லை என்று பார்த்து எக்ஸ் போட்டார்களா, பார்க்காமலே எக்ஸில் விழுந்ததா என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரும் இழப்பீட்டு மனுக்களில் கணிசமான பங்கு அதிக ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவை.

அதோடு, நீங்கள் வாங்கப் போவது ஹில் கன்ட்ரி என்ற மத்திய டெக்சஸின் குன்றுப் பகுதியில். சுண்ணாம்புப் பாறை, மேலே ஒரு சாண் மண், செங்குத்துச் சரிவு. பெய்த மழையைக் குடிக்க நிலத்துக்கு நேரமில்லை, அப்படியே ஓடைக்குள் இறங்கும். 2015 மே 23 இரவு பிளாங்கோ ஆறு விம்பர்லி என்ற ஊரில் 40 அடிக்கு மேல் எழுந்தது. 2025 ஜூலை 4 விடிகாலை கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது. அந்தக் கவுண்டியில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

ஓடையோரம் நடக்கச் சொன்னேன் அல்லவா, அங்கே முதலில் முள்கம்பி வேலியைப் பாருங்கள். கம்பியில் காய்ந்த புல்லும் சீடர் மரச் சுள்ளியும் சடைசடையாகச் சிக்கியிருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது. மரக்கிளைகளிலும் பாருங்கள், தலைக்கு மேலே தொங்கினாலும் தொங்கும். அந்த உயரத்திலிருந்து வீடு வரை மனதுக்குள் ஒரு மட்டக்கோடு இழுத்துப் பாருங்கள், வாசற்படி எங்கே நிற்கிறது? அப்புறம் வீட்டுக்குப் போகும் வழி. சாலை ஓடையைத் தரையோடு தரையாகக் கடக்கிறதா, பக்கத்தில் அடிக்கணக்கு எழுதிய அளவுக்கம்பம் நட்டிருக்கிறதா? நட்டிருந்தால், அங்கே தண்ணீர் வருவது வழக்கம் என்று கவுண்டியே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வீடு நனையாவிட்டாலும் நீங்கள் வெளியே வர முடியாது.

பக்கத்துப் பண்ணைக்காரரிடம் "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இல்லை என்பார். "2015-இல் தண்ணீர் எந்த மரம் வரை வந்தது?" என்று கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார். நம் ஊரில் மனை வாங்கும்போது 'முன்னே இது ஏரியாக இருந்ததா?' என்று டீக்கடையில் விசாரிப்போமே, அதே வேலைதான். விற்பவர் தரும் டிஸ்க்ளோஷர் படிவத்தில் முன்பு வெள்ளம் புகுந்ததா, இழப்பீடு வாங்கினாரா என்ற கேள்விகள் இருக்கும். டெக்சஸ் சட்டப்படி பதில் எழுதியாக வேண்டும். வெள்ளப் பகுதிகளைக் கவனிக்கும் கவுண்டியின் ஃப்ளட்ப்ளெயின் அதிகாரிக்கும் ஒரு போன் போடுங்கள். பல கிராமக் கவுண்டிகளில் செப்டிக் அனுமதி கொடுப்பவரே அவராகவும் இருப்பார், ஒவ்வொரு ஓடையும் அத்துப்படி.

இனி பாலிசி. நான் சொன்ன மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் என்.எஃப்.ஐ.பி. அதில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரைதான் கிடைக்கும். பொருள்களுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாகச் சேராது. கவுண்டி அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் பாலிசியே கிடைக்கும். டெக்சஸில் பெரும்பாலானவை சேர்ந்தவை, இருந்தாலும் ஏஜென்டிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பண்ணை வீட்டுக்காரர்களைக் கடிக்கும் இடம் விலக்குப் பட்டியல். கிணறு, செப்டிக் டேங்க், வேலி, வீட்டுக்குப் போகும் பாதை எதற்கும் பணம் கிடையாது. கொட்டகைக்குத் தனிப் பாலிசி வேண்டும். வெள்ளத்தில் முதலில் போவதே இவைதான் என்பது வேறு கதை.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது 'வார இறுதியில்' என்ற சொல்லை. நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடாக இல்லாததால் மூன்று இடத்தில் உங்களுக்கு இடிக்கும். ஆண்டுக் கூடுதல் கட்டணம் 25 டாலருக்குப் பதில் 250 டாலர். இழப்பீட்டில் தேய்மானம் கழிப்பார்கள். 20 வருடத் தரைக்குப் புதுத் தரையின் விலை வராது. மூன்றாவதுதான் பெரிய அடி: பேரிடர் அறிவித்த பின் ஃபெமா தரும் வீட்டுப் பழுது உதவி, நிரந்தரமாகக் குடியிருக்கும் முதன்மை வீட்டுக்கு மட்டும். 'ஏதாவது ஆனால் அரசாங்கம் கொடுக்கும்' என்ற நினைப்பு உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. காப்பீடு எடுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

விலை? 2021 அக்டோபரில் வந்த புதிய முறைப்படி ஜோன் எழுத்தை வைத்துப் பிரீமியம் போடுவதில்லை. நீர்நிலைக்கு எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்க்கிறார்கள். எக்ஸ் என்பதால் மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். என்.எஃப்.ஐ.பி. பாலிசிக்கு எந்த ஏஜென்டிடம் போனாலும் ஒரே விலை, அலைய வேண்டாம். தனியார் நிறுவனங்களிடம் மட்டும் விலை மாறும், ஒன்றிரண்டு கேட்டுப் பாருங்கள். விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய முறையிலிருந்து படிப்படியாக ஏறும் குறைந்த விலையில் அவர் இருந்தால், அந்தப் படியிலிருந்தே நீங்கள் தொடரலாம். ரியல்டர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

நாள் கணக்கில் கவனம் வேண்டும். என்.எஃப்.ஐ.பி. பாலிசி வாங்கிய 30 நாள் கழித்துத்தான் உயிர் பெறும். டிவியில் மழைச் செய்தி பார்த்துவிட்டு வாங்கிப் பயனில்லை. வீட்டுக் கடனை ஒட்டி எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. வங்கி கட்டாயப்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை, க்ளோசிங் நாளுக்குள் (வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாள்) விண்ணப்பமும் பணமும் போய்ச் சேர்ந்திருந்தால் அன்றே நடைமுறைக்கு வரும். கையெழுத்துப் போட எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரம் இருந்தால்கூட இதற்குப் போதும். இந்தச் சனிக்கிழமையே வேலியைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஏஜென்டைக் கூப்பிடுங்கள்.