முதலில் குடியா, மனநோயா?

கேள்வி: ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் தம்பிக்கு 29 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவன். நாலு வருடமாகத் தினமும் குடி. போன வருடத்திலிருந்து தானாகப் பேசிக்கொள்கிறான். பக்கத்து வீட்டார் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று திட்டுகிறார்கள் என்று ராத்திரியில் கல்லை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். மனநல டாக்டரிடம் காட்டினோம். ‘முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க’ என்றார். குடி மீட்பு மையத்துக்குக் கூட்டிப்போனோம். ‘இது மெண்டல் கேஸ், நாங்க எடுக்க மாட்டோம்’ என்றார்கள். கார்த்திகையில் மாலை போட்டான். மூன்றாம் நாள் கை கால் வெட்டி இழுத்தது. சாமி வந்திருக்கிறது என்று கற்பூரம் காட்டினார்கள். ஒரு தடவை வேலூர் போய்வந்தால் இரண்டு பேர் கூலி போகிறது. ஊரில் இன்னும் ஏழெட்டு வீட்டில் இதே கதைதான். நான் மகளிர் குழுவில் இருக்கிறேன். வைத்தியம் எங்கள் பக்கமே வர வழி உண்டா? கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அணைக்கட்டு தாலுகா

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த மூன்றாம் நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் நாலு நாள் பொறுக்கும், அது பொறுக்காது.

உங்கள் தம்பிக்கு வந்தது பெரும்பாலும் வலிப்புதான். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது. அன்றைக்கே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. அடுத்த ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும், சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள். இந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாலை போட்டதைக் குறை சொல்லவில்லை. குடிக்காமல் இருக்க அவர் மனசு நினைக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அடுத்த முறை மாலை போடுவதாக இருந்தால், அதற்கு முன்பே சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் குடியை நிறுத்துங்கள். நடுக்கத்துக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். சோர்ந்து கிடப்பவருக்குக் ‘குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’ என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். நாள்பட்டுக் குடிப்பவருக்கு பி1 போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பாட்டிலை மாட்டும் முன்பே ‘இவர் தினமும் குடிப்பவர்’ என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தப் பந்தாட்டத்துக்கு வருவோம். குடியை விட்டுவிட்டு வா என்று ஒருவரும் மனநோயைப் பார்த்துவிட்டு வா என்று இன்னொருவரும் சொன்னது இரண்டுமே தவறு. காதில் குரல் கேட்பது குடியால் வந்ததா, தனியாக வந்த மனநோயா என்பதைக் குடி நின்று சில வாரம் கவனித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பது உண்மை. அதற்காக அதுவரை வீட்டிலேயே வைத்திருங்கள் என்று அர்த்தமில்லை. குரல் கேட்பதால் பயந்து குடிக்கிறார், குடிப்பதால் குரல் இன்னும் கூடுகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தால் இரண்டும் திரும்பி வரும். ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் பார்க்க வேண்டிய கேஸ் இது. சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளும் மனநோய் என்பதற்குள்ளேயே அடங்கும். அரசு மனநலப் பிரிவில் ‘இது எங்க டிபார்ட்மெண்ட் இல்லை’ என்று திருப்பி அனுப்ப நியாயமில்லை.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையமும் இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்கிச் சிகிச்சை பெறுவது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். கிளம்பும் முன் 14416-க்கு ஒரு போன் போடுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற இலவச மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம். குடிக்கு மட்டும் ஆலோசனை வேண்டுமென்றால் 14446. ஓபி சீட்டு வாங்கி உள்ளே போனதும், ‘குடியும் இருக்கு, காதில் குரலும் கேக்குது, நிறுத்தினப்போ வலிப்பு வந்துச்சு’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பழைய சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

மாத்திரை கொடுத்தால் அடுத்து ஒரு சிக்கல் வரும். ‘குடிச்ச அன்னைக்கு மாத்திரை போடக்கூடாது’ என்று ஊரில் யாராவது சொல்வார்கள். வாரத்தில் ஐந்து நாள் குடிப்பவருக்கு அப்புறம் மாத்திரை எங்கே உள்ளே போகும்? குரலுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவற்றை, சாராயம் குடித்த நாளிலும் விடாமல் போடச் சொல்வார்கள். தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் கொடுப்பது வேறு, அதைச் சாராயத்தோடு சேர்த்தால் மூச்சே அடங்கிவிடலாம். எது எந்த வகை என்று அந்த டாக்டரிடமே கேட்டு, அட்டையின் பின்னால் பேனாவால் எழுதி வாங்கி வந்துவிடுங்கள்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பவுடர் என்று விளம்பரம் வரும். வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையையே, ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன் மேல் சாராயமும் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போன கதைகள் உண்டு. உங்கள் தம்பி மாதிரி குரல் கேட்பவருக்கு அந்த மாத்திரை நோயைக் கூட்டவும் செய்யலாம். அதேபோல, ராத்திரியில் வேனில் வந்து நாலு பேர் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் மையங்களும் வேண்டாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதற்கான சான்றைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. ஆள் நினைவு தவறிக் கல்லோடு கிளம்பும் ராத்திரியில் 108-ஐக் கூப்பிடுங்கள். பூச்சிமருந்து டப்பா வீட்டுக்குள் இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள்.

இனி, ஊருக்கே வைத்தியம் வருவதைப் பற்றி. நீங்கள் கேட்டது பேராசை இல்லை. 2019-இல் வெளிவந்த மத்திய அரசின் போதைப் பயன்பாட்டு ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தது என்கிறது. மீதி 37 பேரும் திமிர் பிடித்தவர்கள் என்றா சொல்ல முடியும்? ஒரு நாள் கூலியும் பஸ்ஸும் வழியில் நிற்கின்றன. உங்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, தம்பிக்கு உண்டு. கூலி இருவருக்கும் போகிறது.

நம் மாவட்டத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் சிஎம்சியின் சமுதாய நலப் பிரிவின் பணியாளர்கள் வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு சாவுக்கும் காரணத்தை வீட்டாரிடமே கேட்டு எழுதினார்கள். 1994 முதல் 1999 வரையிலான கணக்கில், லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்தது தெரியவந்தது. அந்தக் காலத்து தேசியக் கணக்கு சுமார் 10 என்றுதான் காட்டியது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்களுக்குத்தான் தெரிந்தது.

குடிக்கும் மனநோய்க்கும் வைத்தியமே இப்படி ஊர் தேடிப் போயிருக்கிறது. குடி மீட்புச் சிகிச்சை தரும் சென்னை டிடிகே மருத்துவமனையார் 1989-இல் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய், ஊரார் துணையோடு முகாம் போட்டுச் சிகிச்சை தந்தார்கள். புதுக்கோட்டையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் பஸ், மனநோய் உள்ளவர்களுக்காக ஊர் ஊராகப் போய் நின்றது. டாக்டர் சென்னையிலிருந்து திரையில் பேசினார், மாத்திரையைப் பஸ்ஸிலேயே தந்தார்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டருக்குப் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் அதிகமாகக் குடிப்பவர்களிடம் சில தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் 100-க்கு 36 பேர் குடிப் பிரச்சினையிலிருந்து மீண்டார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 பேர். பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் மலையடிவாரத்துக்கு மனநல டாக்டர் தினமும் வரப் போவதில்லை என்கிறபோது இந்தப் பத்துப் பேர் லேசுப்பட்டவர்கள் இல்லை. உங்கள் தம்பி மாதிரி குரலும் கேட்பவர்களுக்குப் பேச்சு மட்டும் போதாது, டாக்டர் வேண்டும். அவரை டாக்டரோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள, ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும்.

அதனால் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசிடம் ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு மாதம் ஒரு குறித்த நாளில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும், குடியையும் மனநோயையும் ஒரே மேசையில் பார்க்கட்டும் என்று கேளுங்கள். ஒருமுறை டாக்டர் எழுதிய மாத்திரை மாதாமாதம் அங்கேயே கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அக்கா உங்களைப் போன்ற மகளிர் குழுக்காரர்தானே? மனநல மாத்திரை வாங்க வராதவர் வீட்டுக்கும் அவர் ஒரு நடை போய்ப் பார்த்து வர ஏற்பாடு செய்யுங்கள் என்பதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மாத்திரை நின்றுபோனது மூன்றாம் வாரமே ஊருக்குள் தெரியும், ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் மாதம்தான் தெரியும்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். அந்த நகலோடு ஒரு திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்வு நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், குழுவாகப் போங்கள். சபையில் எத்தனை வீடு என்று மட்டும் சொல்லுங்கள், எந்த வீடு என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். இன்னொன்று: டாஸ்மாக் கடையை மூடச் சொல்லும் கோரிக்கையை இதே மனுவில் சேர்க்காதீர்கள். அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது வேறு மேசைக்குப் போகும், போகும்போது இதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கல்யாணம் இப்போது வேண்டாம். அம்மாவிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். வருகிற பெண் நர்சும் இல்லை, போலீசும் இல்லை. தம்பி மாத்திரையில் நிலைத்து, குடியில்லாமல் ஒரு வருடமாவது வேலைக்குப் போய் வரட்டும். அதற்குப் பிறகு பெண் பார்ப்பதானால், அவர் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி நிச்சயத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். பெண்ணின் அப்பாவிடம் மட்டும் சொன்னால் போதாது.