எதை வெளியேற்றுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இணையக் கேச்சில், அதாவது அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளின் நகலை வைத்திருக்கும் இடத்தில், இயந்திரக் கற்றல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரு செய்தித் தளத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் கேச் எல்ஆர்யூ முறையில் ஓடுகிறது. இடம் நிரம்பினால், யாரும் கேட்டு ரொம்ப நேரமான கோப்பு முதலில் வெளியே போகும், அவ்வளவுதான். நாளை வாசகர் எதைக் கேட்பார் என்று இயந்திரம் ஜோசியம் சொல்லுமா? அதை நம்பி இதை மாற்றலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்ஆர்யூ செய்வதும் கணிப்புதான். சற்றுமுன் கேட்டதை மறுபடியும் கேட்பார்கள் என்ற ஒரே ஊகத்தை எல்லாக் கோப்புக்கும் போடுகிறது. எதை எடுத்தால் நஷ்டம் குறைவு என்று ஐபிஎம்மில் இருந்த பெலடி, கணினி நினைவகத்தை வைத்து 1966லேயே எழுதிவிட்டார்: எதன் அடுத்த தேவை வெகுதூரத்தில் இருக்கிறதோ, அதை எடு. அதற்கு எதிர்காலம் தெரிய வேண்டும் என்பதுதான் சிக்கல்.

2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த, எல்ஆர்பி என்ற கணிப்பு முறை பற்றிய ஆய்வை வாசித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு படம் இரண்டு நாள் கழித்துத் தேவைப்படுமா, இருபது நாள் கழித்தா என்று துல்லியமாகத் தெரிய வேண்டியதே இல்லை என்கிறார்கள். ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் எதை எடுத்தாலும் ஒன்றுதான். கேச் நிரம்பியதும் எல்ஆர்பி ஏதோ 64 கோப்புகளைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, ஒருமுறை கேட்டதற்கும் மறுமுறை கேட்டதற்கும் எவ்வளவு நேரம் என்று பின்னோக்கி 32 இடைவெளிகள் வரை பார்த்து, அடுத்த தேவை எப்போது என்று கணிக்கிறது. மிகத் தள்ளி இருப்பது வெளியே போகிறது. சிடிஎன் எனப்படும், கோப்புகளை வாசகருக்கு அருகிலிருந்து தரும் சர்வர் வலையமைப்புகளின் ஆறு நிஜ லாகுகளில் (யார் எதை எப்போது கேட்டார்கள் என்ற பதிவுகளில்) ஓட்டிப் பார்த்ததில், கேச்சில் இல்லாததை வெளியிலிருந்து இழுக்கும் போக்குவரத்து வழக்கமான கேச்சைவிடப் பெரும்பாலும் 4 முதல் 25 சதவீதம் குறைந்தது.

யூடியூப் 2022இல் ஓட்டத் தொடங்கிய முறையில் மாடலிடம், அதாவது கற்றுக் கணிக்கும் நிரலிடம், முழுப் பொறுப்பையும் விடவில்லை. எளிய விதி ஒன்று சில கோப்புகளைப் பொறுக்கித் தரும். அவற்றில் எது போகட்டும் என்பதை மட்டும் மாடல் சொல்லும். உச்ச நேரத்தில் கேச்சில் கிடைக்காமல் போகும் பைட்டுகள் சராசரியாக 9.1 சதவீதம் குறைந்தன. கூடுதல் சிபியு செலவு 1.8 சதவீதம்.

ஆனால் நீங்கள் முதலில் லாகைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு லாகில் ஒரே படம், கேள்விக்குறிக்குப் பின்னால் வேறு வேறு எண் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான தனித்தனிக் கோப்புகளாகக் கேச்சை அடைத்திருந்தது. அதைச் சரிசெய்ய மாடல் வேண்டாம், ஒரு வரி விதி போதும். அகமாய் என்ற சிடிஎன் நிறுவனத்தின் சர்வர்களில் கேட்கப்பட்ட கோப்புகளில் முக்கால்வாசி, ஒரே ஒருமுறை கேட்கப்பட்டவை. இரண்டாம் முறை கேட்டால் மட்டும் டிஸ்க்கில் எழுது என்று மாற்றியதும் எழுதும் வேலை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

இவை முடிந்தபின் ஒரு வார லாகை எடுத்து, எல்ஆர்யூவையும் பெலடியின் முறையையும் அதன்மேல் ஓட்டுங்கள். நடந்து முடிந்த வாரம் என்பதால் பெலடிக்கு வேண்டிய எதிர்காலம் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் ஒரு மாடல் உங்களுக்குத் தரக்கூடிய லாபத்தின் உச்சம், தோராயமாக; கோப்புகளின் அளவு வேறுபடும்போது பெலடியின் முறையும் துல்லியமான எல்லை இல்லை. அது சொற்பமாக இருந்தால் எல்ஆர்யூவே இருக்கட்டும். கணிசமாக இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.