கயிறு இறுகினால் கால் நிற்கட்டும்

கேள்வி: எங்கள் நாய் டொமிக்கு ஒன்றரை வயது. மகன் வெளிநாடு போன பிறகு நான்தான் பார்க்கிறேன். வீட்டுக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. கேற்றைத் திறந்தால் போதும், ஒரே இழுவை. கணவர் பிடித்தால் அவன் ஓட, அவரும் பின்னால் ஓடுவார். போன கிழமை ஒரு கட்டாக்காலி நாயைக் கண்டு பாய்ந்ததில் நான் வீதியில் விழுந்து முழங்காலில் நல்ல அடி. முள்ளுச் சங்கிலி போட்டால் இரண்டே நாளில் அடங்கிவிடுவான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லடி

பதில்: அக்கா, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. அந்த முள்ளுச் சங்கிலியை வாங்காதீர்கள். டொமி இன்னொரு நாயைக் காணும் ஒவ்வொரு தடவையும் கழுத்தில் குத்து விழுந்தால், இழுத்ததால்தான் குத்தியது என்று அவன் புரிந்துகொள்வான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மற்ற நாயைக் கண்டால் வலிக்கும் என்றே பல நாய்கள் எடுத்துக்கொள்ளும். இன்று ஆசையில் பாய்கிறவன் நாளைக்குப் பயத்தில் உறுமத் தொடங்குவான். அப்புறம் அதை மாற்றுவது பெரும் பாடு.

அவன் ஏன் இழுக்கிறான்? முரட்டுக் குணமும் இல்லை, உங்களை மதிக்காததும் இல்லை. நாயின் இயல்பான நடை நம்முடைய நடையைவிட வேகமானது. இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். கடையில் அழுதால் டொபி கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை அழாமல் இருக்குமா? இழுக்கும்போது நாம் பின்னால் போகிறோமே, அதுதான் அவனுக்கு டொபி. அதனால் இனிக் கயிறு இறுகினால் உங்கள் கால் நிற்க வேண்டும், தொய்ந்தால் நடக்க வேண்டும். பழக்குவது முழுக்க இதை வைத்துத்தான்.

முதலில் சாமான்கள். இரும்புச் சங்கிலி வேண்டாம், கையை வெட்டும். ஆறடி நீளத்தில் துணி அல்லது நைலோன் வார் போதும். பொத்தானை அழுத்த நீண்டு சுருங்கும் வகையும் வேண்டாம். அது எப்போதும் லேசாக இறுகியே இருப்பதால், இழுத்தால்தான் நீளும் என்று நாய்க்குச் சொல்லிக்கொடுத்துவிடும். கழுத்துப் பட்டிக்குப் பதிலாக நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்று வாங்குங்கள், நெஞ்சுப் பக்கமும் முதுகுப் பக்கமும் வளையம் உள்ளதாக. நெஞ்சு வளையத்தில் மாட்டினால் இழுக்கும்போது அவன் உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும், முழுப் பலத்தையும் போட முடியாது. வாரை மணிக்கட்டில் சுற்றிக் கட்டாதீர்கள். அவன் பாய்ந்தால் உங்களையும் சேர்த்துக்கொண்டுதான் போவான்.

முழங்கால் ஆறும்வரை வீதியே வேண்டாம். வளவுக்குள் தொடங்குங்கள், காலைச் சாப்பாட்டுக்கு முன். அவித்த கோழி இறைச்சியை உப்பு, தூள் ஒன்றும் போடாமல் சுண்டுவிரல் நகமளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். நடங்கள். அவன் உங்கள் காலோடு ஒட்டி வரும் கணத்தில் ஒரு துண்டு கொடுங்கள். எங்கே கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் நிற்பான். உங்கள் தொடையோடு ஒட்டிக் கையைத் தாழ்த்திக் கொடுங்கள். எங்கே இறைச்சி கிடைக்கிறதோ அங்கேதான் நாய் இருக்கும்.

கயிறு தொய்வா இறுக்கமா என்று கையால் மட்டும் அளக்காதீர்கள், ஹார்னஸில் மாட்டியிருக்கும் கொக்கியைப் பாருங்கள். தொய்ந்திருந்தால் கொக்கி கீழே பார்த்துத் தொங்கும். இறுகத் தொடங்கும்போது மெல்ல எழும்பி, கயிறு போகும் திசைக்கு நிமிரும். அது நிமிர்ந்த உடனே நின்றுவிடுங்கள். ஏசவும் வேண்டாம், பின்னால் இழுக்கவும் வேண்டாம், சும்மா மரம் போல நில்லுங்கள். முதலில் இன்னும் இழுப்பான், குரைப்பான், பிறகு என்ன இது என்று திரும்பிப் பார்ப்பான். அரை அடி பின்னால் வந்து கொக்கி மறுபடி கீழே தொங்கியதும், அந்தக் கணமே நடங்கள். இரண்டு விநாடி தாமதித்தால் எதற்காக நடந்தோம் என்று அவனுக்குப் புரியாது.

வளவில் சரி வந்த பிறகு கேற். பெரும்பாலான நடை கேற்றடியிலேயே கெட்டுப்போகிறது. துள்ளிக்கொண்டு வெளியே போனவன் வீதி முழுக்கத் துள்ளிக்கொண்டுதான் வருவான். கொஞ்சம் திறங்கள். முட்டினால் மூடுங்கள், அவன் நசுங்காமல். நாலு காலும் நிலத்தில் நிற்கும்போது மறுபடி திறங்கள். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டவே நேரம் முடிந்துவிடும். பரவாயில்லை, திரும்பி வாருங்கள். தூரம் நடப்பது இப்போதைக்குக் கணக்கில்லை. தொய்ந்த கயிற்றோடு பத்து எட்டு வந்தால், ஒரு வேலியடியில் ஆசைதீர மணந்து பார்க்க விடுங்கள். நாய்க்கு அது இறைச்சியைவிடப் பெரிய சன்மானம்.

கட்டாக்காலிகளுக்கு மருந்து தூரம்தான். டொமி பாய்வதற்கு முன் உடம்பு சொல்லும்: காது முன்னால் வரும், வாய் மூடும், வால் விறைக்கும். அப்போதே வேறு பக்கம் திரும்பி நடந்து, கூட வரும்போது இறைச்சி கொடுங்கள். மூக்கடியில் நீட்டியும் எடுக்கவில்லையென்றால் மிகக் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அதனால் கொஞ்ச நாளைக்குக் கடற்கரை வேண்டாம். காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில் மீனுக்காக நாய்கள் காத்து நிற்கும், ஞாயிறு மாலையென்றால் சனம். கல்லடிப் பழைய பாலமும் வேண்டாம், எதிரே ஒன்று வந்தால் ஒதுங்க இடமில்லை. ஆள் குறைந்த உள் ஒழுங்கைகள் நல்லம். தெருநாய்கள் திரியும் ஊரில் நடக்கிறவனுக்கு விசர்நாய்த் தடுப்பூசி வருடாவருடம் தவறக்கூடாது. உங்களைக் கடித்தால் கடிவாயைச் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு கவனம் வேண்டும். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூடு தணிக்கும். தார் வீதியில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லையென்றால் அவன் பாதமும் தாங்காது. வெயில் ஏறுமுன் போய் வந்துவிடுங்கள்.

இனி அத்தானின் விஷயம். நீங்கள் ஆறு நாள் நின்று பழக்க, ஏழாம் நாள் அவர் பின்னால் ஓடினால், விடாமல் இழுத்தால் எப்போதாவது பலிக்கும் என்றுதான் டொமி படிப்பான். எப்போதாவது பலிக்கிற பழக்கம்தான் விடுவதற்கு மிகக் கடினம். அவருக்கும் கொக்கியைக் காட்டிக் கொடுங்கள். அவருக்கு ஓட ஆசையென்றால் தடுக்க வேண்டாம், அன்றைக்கு முதுகு வளையத்தில் மாட்டட்டும். நெஞ்சு வளையம் என்றால் நடை, முதுகு வளையம் என்றால் ஓட்டம். இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தால் டொமி பிரித்து அறிந்துகொள்வான்.