வாசகர் கேள்வி: நெஸ் ஏரி வரை போகத்தான் வேண்டுமா?

கேள்வி: எடின்பரோவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் செப்டம்பர் இரண்டாம் வாரம் போகிறோம். ஒரு நாள் வழிகாட்டியோடு தனி வண்டி ஏற்பாடு செய்கிறேன், நெஸ் ஏரி வரை போய்விட்டு வாருங்கள் என்கிறான் மகன். அவனுக்கு அன்று லீவு கிடைக்காதாம். "அவ்வளவு காசு எதற்கு, எல்லாரும் போகிற பஸ்ஸே போதும்" என்கிறார் இவர். எங்கள் ஊர் ஹார்வி பருத்தி மில்லில் முப்பத்து நாலு வருஷம் நின்றே வேலை பார்த்தவர், இப்போது இரண்டு முழங்காலும் படுத்துகின்றன. நாங்கள் சைவம். எங்கள் இங்கிலீஷும் அரைகுறைதான். தனி வண்டிக்குக் கொடுக்கிற காசு வீணா?
- வாசகி, வி.கே.புரம்

பதில்: முதலில் காசு விஷயத்தைப் பேசிவிடுவோம், அம்மா. உங்கள் வீட்டுக்காரர் அதற்குத்தான் காத்துக்கொண்டிருப்பார்.

பெரிய பஸ்ஸில் தலைக்குக் கணக்கு. ஐம்பது, அறுபது பவுண்டு என்று வரும். தனி வண்டியில் வண்டிக்குத்தான் கணக்கு, நீங்கள் ஒருவர் போனாலும் ஆறு பேர் போனாலும் அதே தொகை. நல்ல வழிகாட்டி என்றால் ஒரு நாளைக்குப் பல நூறு பவுண்டு ஆகும். இருவர் மட்டும் போனால் அவர் சொல்வது போல அது கனமான செலவுதான். மகனையும் சேர்த்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் அவனுடைய நண்பனின் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டால் பஸ் கட்டணத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பார்த்துச் சேருங்கள். எட்டரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஒன்பதேகாலுக்குத் தலை துவட்டிக்கொண்டு வருகிறவர்கள் வேண்டாம்.

லீவு இல்லை என்கிறானே, சனி ஞாயிறில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெற்றோரைப் பார்சல் மாதிரி வண்டியில் ஏற்றி அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

இனி நெஸ் ஏரி. சில வருஷங்களுக்கு முன் நான் பஸ்ஸில்தான் போனேன். காலை எட்டு மணிக்கு எடின்பரோவில் ஏறினோம், இரவு எட்டரைக்கு இறக்கிவிட்டார்கள். போக வர 500 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தில் தரையில் கால் பதித்து நின்றது மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். வழியில் க்ளென்கோ பள்ளத்தாக்கு. 1692 பிப்ரவரியில், அரசாங்கச் சிப்பாய்கள் அங்கே மக்டொனால்டு குடும்பங்களின் வீடுகளில் பன்னிரண்டு நாள் விருந்தாளிகளாகத் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, 13ஆம் தேதி விடியற்காலையில் அந்த வீட்டுக்காரர்களையே கொன்ற இடம். 38 பேர் செத்தார்கள், பனியில் தப்பி ஓடியவர்களில் மேலும் பலர் குளிரில் மாண்டார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் சொல்வோமே, அதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது. மலை இரண்டு பக்கமும் கருப்பாக எழும்பி நிற்கிறது. மைக்கில் கதை முடிவதற்குள் பஸ் அந்த இடத்தைக் கடந்துவிட்டது. அப்புறம் ஒரு கார் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அதில் ஏழு நிமிஷம் கழிவறை வரிசையில் போயிற்று.

ஏரி எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். 36 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகள் எல்லாவற்றின் தண்ணீரையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. கரையில் நின்று பார்த்தால் தூறலில் சாம்பல் நிறத் தண்ணீர், அவ்வளவுதான். கரி மண் கலந்து வருவதால் கைக்கு எட்டும் ஆழத்திலேயே டீ டிகாஷன் நிறம். அந்த மிருகக் கதை 1933-ல் செய்தித்தாள்களில் பிடித்துக்கொண்ட கதை. மறு வருஷம் வந்த புகழ்பெற்ற புகைப்படம் பொம்மையை மிதக்கவிட்டு எடுத்தது என்பது அறுபது வருஷம் கழித்து வெளியே வந்தது. ஊருக்குத் திரும்பி "நெஸ் ஏரி பார்த்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம், சரி. அதற்காக மட்டும் அந்த முழங்கால்களை ஒன்பது, பத்து மணி நேரம் மடக்கி வைக்க வேண்டுமா?

நெஸ் ஏரிதான் வேண்டும் என்றால் பஸ்ஸிலேயே போங்கள், வீட்டுக்காரர் கட்சி ஜெயிக்கட்டும். தனி வண்டியில் காசு கொடுத்து நாம் வாங்குவது 'இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமையை. தூரத்தை நீட்டினால் நிறுத்த நேரமிருக்காது. அந்த உரிமைக்குக் கொடுத்த காசு டீசலுக்குப் போய்விடும்.

உங்களுக்கு நான் சொல்லும் பாதை டிராசக்ஸ் மலைப்பகுதி. எடின்பரோவிலிருந்து வடமேற்கே, போய்த் திரும்ப மொத்தமே சுமார் 200 கிலோமீட்டர். மலை, ஏரி, காடு, சடை மாடு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. கிளம்பிய அரை மணியில் சவுத் குவீன்ஸ்பெரியில் காபிக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கடல் கழியின் மேல் மூன்று பாலங்கள் வரிசையாக நிற்கும்: 1890-ன் சிவப்பு ரயில் பாலம், 1964-ன் தொங்கு பாலம், 2017-ன் புதுப் பாலம். மூன்று நூற்றாண்டை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம், ஒரு படிகூட ஏற வேண்டாம்.

அங்கிருந்து ஸ்டர்லிங் பக்கமாகப் போய் டீன்ஸ்டன். இதைத்தான் உங்கள் வீட்டுக்காரருக்காகச் சொல்கிறேன். பயணப் பட்டியல்களில் இது விஸ்கி ஆலை என்று இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். 1785-ல் டீத் ஆற்றங்கரையில் எழுந்த பருத்தி மில் அது. ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் ஓடியது. 1960களில் மில் மூடப்பட்டபோதுதான் விஸ்கி ஆலையாக மாற்றினார்கள். இன்றும் அதே ஆற்றிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறார்கள். 1836-ல் கட்டிய நெசவுக் கூடம் அப்படியே நிற்கிறது. தாழ்ந்த வளைவுக் கூரை, உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று ஈரக் காற்று. காற்று காய்ந்தால் நூல் அறும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். இப்போது அந்தக் குளிர்ச்சி மரப்பீப்பாய்களுக்கு உதவுகிறது. இதை எனக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பத்து நாலு வருஷம் மில்லில் நின்றவருக்கு யாரும் சொல்ல வேண்டாம், தோலே சொல்லிவிடும். பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பித்தானே உங்கள் ஊர் மில்லும் தொடங்கியது? அதைத் தொடங்கிய ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். உள்ளே சுற்றிக்காட்ட முன்பதிவு வேண்டும், மகனிடம் சொல்லிவிடுங்கள். குடித்துப் பார்க்கக் கட்டாயம் எதுவுமில்லை.

பிறகு கேலண்டர் ஊரைத் தாண்டி கில்மஹாக்கில் சடை மாடு. நெற்றி மயிர் கண்ணை மறைத்துக்கொண்டு, காங்கேயத்துக்குப் போட்டியான கொம்போடு நிற்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுங்கள், வாழைப்பழம் கொடுக்காதீர்கள்.

மதியத்துக்கு கேட்ரின் ஏரி. லாக் கேட்ரின் என்று எழுதுவார்கள். அந்த 'லாக்'கின் கடைசி ஒலி நம் ஆய்த எழுத்துக்குப் பக்கத்தில் வரும். 'லாஃக்' என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஊர்க்காரர்கள் மகிழ்ந்து போவார்கள். கிளாஸ்கோ நகரம் 1859-லிருந்து குடிப்பது இந்த ஏரித் தண்ணீரை. 1848-49-ல் காலரா வந்து அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வாய்க்காலும் சுரங்கமுமாகக் கட்டி, பம்பு இல்லாமல் வெறும் சரிவிலேயே ஓடவைத்தார்கள். ஏரியில் ஓடும் 'சர் வால்டர் ஸ்காட்' என்ற நீராவிக் கப்பல் 1899-ல் கட்டியது. சாலை வசதி இல்லாததால் துண்டு துண்டாகக் கழற்றி, படகிலும் குதிரை வண்டியிலும் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். கப்பலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே மலையைப் பார்க்கலாம். முழங்காலுக்கு இதைவிட மரியாதை செய்யும் சுற்றுலா கிடையாது. அன்றைக்கு எந்தக் கப்பல் ஓடுகிறது, எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். திரும்பும்போது டியூக்ஸ் பாஸ் என்ற கொண்டை ஊசி மலைப்பாதை வழியாக ஆபர்ஃபாயில் இறங்கி வரலாம். தலைசுற்றல் உள்ளவர் முன் சீட்டில்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் நல்ல தேர்வு. ஏழரை மணி வரை வெளிச்சம் இருக்கும், மலைச்சரிவில் ஹெதர் பூவின் ஊதா முழுதும் உதிர்ந்திருக்காது. மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி ஜூலை, ஆகஸ்டில் மனிதரைப் பிடுங்கித் தின்னும், அது அடங்கத் தொடங்கியிருக்கும். மழை எப்படியும் வரும். குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். புடவைதான் கட்டுவேன் என்றால் உள்ளே தெர்மல், காலுக்கு சாக்ஸோடு ஷூ.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் பாதி வேலை. வண்டியும் ஓட்டி விளக்கமும் சொல்பவர் ஒருவகை. ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு என்பது இன்னொரு வகை, அது கூடுதல் செலவு. உங்களுக்கு முதல் வகை போதும். ஆனால் இடம் வந்ததும் கூடவே இறங்கி நடப்பாரா, வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாரா என்று கேளுங்கள். சிலர் வெறும் டாக்சிதான், விளம்பரத்தில் மட்டும் வழிகாட்டி. ப்ளூ பேட்ஜ் என்பது படித்துத் தேர்வெழுதி வாங்கும் தகுதி, அது உள்ளவர் என்றால் நம்பலாம். (மாற்றுத்திறனாளிகளின் கார் நிறுத்த அட்டைக்கும் அங்கே அதே பெயர். மகன் இணையத்தில் தேடும்போது குழம்ப வேண்டாம்.) நுழைவுக் கட்டணமும் கப்பல் டிக்கெட்டும் தொகையில் சேர்த்தியா, வானிலை கெட்டால் பாதையை மாற்றுவாரா, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முழங்கால் விஷயத்தை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வேன் என்றால் படி உயரமாக இருக்கும், ஏற ஒரு சின்ன ஸ்டூல் வைத்திருப்பாரா என்றும் கேளுங்கள். ஸ்டர்லிங்கில் குன்றின் மேல் தெரியும் வாலஸ் நினைவுக் கோபுரத்தில் 246 படிகள். கீழேயிருந்து கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

சாப்பாடு. தயிர் சாதம் கட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏரிக்கரை மர மேசையில் உட்கார்ந்து அந்த ஊர்க்காரர்களும் தங்கள் டப்பாவைத்தான் திறப்பார்கள். வண்டிக்குள் மட்டும் கேட்டுக்கொண்டு திறங்கள். கடையில் வாங்கினால் ஒரு எச்சரிக்கை: பருப்பு சூப் என்று போட்டிருப்பதைப் பல இடங்களில் பன்றி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். சைவமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஹாகிஸ் என்ற அவர்களுடைய தேசிய உணவு ஆட்டு இதயம், ஈரல், நுரையீரல் சமாசாரம், ஆனால் ஓட்ஸ், பருப்பு, காய்கறி போட்ட சைவ ஹாகிஸும் பல இடங்களில் உண்டு. நன்றாகவே இருக்கும், மிளகு தூக்கலாக. டாப்லெட் என்று ஒரு இனிப்பு விற்பார்கள், பால்கோவாவைச் சர்க்கரை பூத்துப்போகும் வரை விட்ட மாதிரி. ஒரு துண்டுக்கு மேல் என்னால் முடியவில்லை. கிராமத்து டீக்கடைகள் நாலு மணிக்கே அடுப்பை அணைத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இதற்கு வண்டி வேண்டாம், ரயில் போதும். எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ ஐம்பது நிமிஷம், அங்கே மாறினால் கால் மணியில் பெய்ஸ்லி. நம் புடவையின் மாங்காய் டிசைனுக்கு ஆங்கிலத்தில் இந்த ஊரின் பெயர்தான், காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து இங்கே நெய்து உலகமெல்லாம் விற்றார்கள். கோட்ஸ் நூல் கம்பெனியும் இந்த ஊர்தான். 1974-ல் உங்கள் ஊர் ஹார்வி மில்லும் அடங்கிய மதுரா மில்லோடு சேர்ந்து 'மதுரா கோட்ஸ்' ஆனதே, அதே கோட்ஸ். ஆற்றங்கரையில் பழைய ஆங்கர் மில் கட்டடங்கள் இப்போது அடுக்குமாடி வீடுகள். வெளியே நின்று அண்ணாந்து பார்க்கலாம், காசு கிடையாது. பஸ் கட்சிக்காரருக்குப் பிடிக்கும்.

வழிகாட்டிக்கு டிப்ஸ் கட்டாயமில்லை. மனசுக்குப் பிடித்திருந்தால் பத்து சதவீதம் கொடுப்பது வழக்கம். இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மெதுவாகப் பேசச் சொன்னால் பேசுவார். எடின்பரோவிலேயே பிறந்தவர்களுக்குக்கூட கிளாஸ்கோக்காரர் பேச்சு சில நேரம் இரண்டாம் தடவைதான் புரியும். வீட்டில் பழைய பெட்டியில் மில் நாட்களின் போட்டோ ஏதாவது இருந்தால் ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டீன்ஸ்டன் கூடத்தில் அதை எடுத்துக் காட்டினால் மீதிப் பேச்சை வழிகாட்டியே பார்த்துக்கொள்வார்.