கவுண்டர், கோவெண்டர், ஓர் எண்

கேள்வி: எங்கள் குடும்பத்தின் துணைப்பெயர் கோவெண்டர். கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர் என்று பாட்டி சொல்வார். ஆனால் அவருடைய திருமணப் பதிவில் ஹோட்டல் பணியாளர் என்றும், மகனின் பிறப்புப் பதிவில் ரயில்வே கூலி என்றும் இருக்கிறது. கப்பல் பட்டியலிலோ கோவெண்டர் என்று எவருமே இல்லை. இவர் ஒருவர்தானா, இருவரா?
– டர்பன் வாசகர்

பதில்: கோவெண்டரைக் கப்பல் பட்டியலில் தேடுவதை முதலில் நிறுத்திவிடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை வந்திறங்கிய ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக எழுதிய குமாஸ்தாக்களுக்குத் துணைப்பெயர் தேவைப்படவில்லை. கவுண்டர் கோவெண்டரானதும் முதலி மூட்லியானதும் கரையிறங்கிய பிறகு நடந்தவை. அண்ணன் சாதிப் பட்டத்தையும் தம்பி தகப்பனார் பெயரையும் வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு என்பதால், உங்கள் பங்காளிகளே வேறு துணைப்பெயரில் இருக்கக்கூடும்.

எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் மாறாதது, ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட குடியேற்ற எண். பிற்காலப் பதிவுகள் பலவற்றில் அதையும் குறித்திருப்பார்கள். உங்களிடமுள்ள இரண்டு தாள்களிலும் ஒரே எண் இருந்தால் ஆள் ஒருவர்தான். எண் இல்லையென்றால் தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கப்பல் பட்டியல்களின் மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தொழில் மாறியிருப்பதை வைத்து ஆளைப் பிரித்துவிட வேண்டாம். ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்தபின் மறு ஒப்பந்தமும் செய்யாமல், ஊருக்கும் திரும்பாமல் தங்கியவர்மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் (ஆங்கிலப் பவுண்டு; ஒன்றுக்கு 20 ஷில்லிங்) வரி விதித்தது. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங்காக இருந்த கூலிக்கு அது 6 மாத ஊதியம். 1914-இல் அந்த வரி ஒழியும்வரை, அதற்கு அஞ்சியே பலர் மீண்டும் கையெழுத்திட்டனர். கரும்புத் தோட்டத்திலிருந்து ரயில்வேக்கும், நிலக்கரிச் சுரங்கத்துக்கும், ஹோட்டலுக்கும் மாறினார்கள். 'கூலி' என்ற சொல்லையும் தொழிலாகக் கொள்ளாதீர்கள். அங்கே கடை வைத்திருந்த இந்தியரையும் வெள்ளையர் அப்படித்தான் அழைத்தனர்.

பட்டியலில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் உடனே வேலூருக்குப் புறப்பட்டுவிட வேண்டாம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை அப்பகுதியின் பல ஊர்கள் வட ஆற்காட்டில்தான் இருந்தன. ஆகவே தாலுகாவின் பெயரைப் படித்த பிறகே, தேட வேண்டியது தமிழ்நாட்டிலா ஆந்திரத்திலா என்று முடிவு செய்யுங்கள்.